மூன்று கருத்த வாழைப்பழங்களும் முக்கால் டீஸ்பூன் சோடாவும்

(நமது சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை இன்று பேச அழைத்தபோது, வைப்பு நிதி, வட்டி, வருமான வரி என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் பி.காம். படித்தவன், 34 ஆண்டுகள் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆனால் இன்று பேசப்போவது வாழைப்பழ பிரெட் பற்றி. பட்டை, கிராம்பு, சுக்கு சேர்த்து, ஈஸ்ட் இல்லாமல், நம் வீட்டிலேயே சுடுவது. சிரிக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று வருடம் முன்பு என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரு காபி கேட்டாள். சமையலறைக்குள் போனேன். டிகாக்ஷன் எப்படி இறக்குவது என்று தெரியாது. சர்க்கரை டப்பாவைத் தேடி உப்பு டப்பாவைத் திறந்தேன். கட்டிலில் இருந்தபடியே, "என்னங்க, நான் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 36 வருடம் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சாதம், ரசம் எல்லாம் அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். நானாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மேசையில் மூன்று மோரிஸ் பழங்கள் கருத்துப்போய்க் கிடந்தன. மகள் வாங்கிக் கொடுத்த ஓவன் உறை பிரிக்காமல் இருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் பிரெட் செங்கல். கத்தி இறங்கவில்லை. அவள் ஒரு துண்டைக் காபியில் நனைத்து மென்று பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் கலக்குனீங்க?" என்றாள். "பத்து நிமிஷம், நல்லா நுரைக்க நுரைக்க" என்று பெருமையாகச் சொன்னேன். "கோதுமை மாவு பிசையப் பிசைய இழுக்கும். சப்பாத்திக்கு அது வேணும். இதுக்கு எதுக்கு?" என்றாள். வாழ்நாளில் பிரெட் சுட்டதே இல்லை அவள். இருந்தாலும் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதுதான் இதன் சூட்சுமம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுக் கலக்கும்போது அதிலுள்ள புரதம் ரப்பர் போல வலையாகப் பின்னிக்கொள்ளும். அதற்கு குளூட்டன் என்று பெயர். கடையில் வாங்கும் பிரெட்டில் ஈஸ்ட் மெதுவாகக் காற்றை உண்டாக்கும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்க வலை வேண்டும், அதனால்தான் அந்த மாவை அடித்துப் பிசைகிறார்கள். நம்முடையதில் வேலை செய்வது ஆப்ப சோடா. தயிரிலும் பழத்திலும் இருக்கும் புளிப்பு பட்டவுடனேயே அது காற்றை விட ஆரம்பித்துவிடும். அதிகம் கலக்கினால் வலை இறுகும், காற்றும் போய்விடும், மிஞ்சுவது செங்கல்தான்.

இரண்டாவது முறை பத்தே சுற்றில் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்துவிட்டது. அப்போது நான் தண்ணீர் கமிட்டியில் இருந்தேன். கீழே போய்த் திரும்பி வர அரை மணி நேரம். அதன் பிறகுதான் ஓவனையே போட்டேன். பிரெட் எழும்பவே இல்லை, தட்டையாகப் படுத்துவிட்டது. மாவு ஓவனுக்காகக் காத்திருக்கக் கூடாது, ஓவன்தான் மாவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை சரியாக வந்தது. அந்தக் கணக்கை இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கப் என்றால் 240 மில்லி கப்.

முதலில் ஓவனை 175 டிகிரியில் போட்டுவிடுங்கள். நீளமான பிரெட் டின்னில் எண்ணெய் தடவி வையுங்கள்.

உலர்ந்த கணக்கு: கோதுமை மாவு 1 கப், மைதா அரை கப், ஆப்ப சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டைத் தூள் 1 டீஸ்பூன், சுக்குத் தூள் அரை டீஸ்பூன், பொடித்த கிராம்பு 3, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்துவிடுங்கள். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அங்கே மட்டும் கசக்கும்.

ஈரக் கணக்கு: நன்றாகப் பழுத்த மோரிஸ் பழம் 3, நாட்டுச் சர்க்கரை அரை கப், எண்ணெய் கால் கப்புக்குச் சற்று மேல், தயிர் கால் கப். முட்டை வேண்டாம். பழத்தைக் கையாலேயே மசிக்கலாம். தோல் கருத்த பழம்தான் நல்லது, ஏனென்றால் பழுக்கப் பழுக்க மாவுச்சத்து இனிப்பாக மாறுகிறது. நேந்திரம் பழம் கெட்டியாக இருக்கும், அதை ஆவியில் வேகவைத்து மசிக்க வேண்டும்.

இந்த இரண்டு கணக்கையும் கடைசி நிமிடம் வரை தனித்தனியாக வைத்திருங்கள். ஓவன் சூடானதும் ஒன்றாகக் கொட்டிக் கரண்டியால் கிளறுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாமல் போன உடனே நிறுத்திவிடுங்கள். கட்டிகட்டியாக இருந்தால் இருக்கட்டும். 45 முதல் 55 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள், ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து டின்னிலிருந்து எடுத்து, நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும். மறுநாள் பட்டை, கிராம்பு வாசனை உள்ளே இறங்கி இன்னும் நன்றாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு வெளியில் ஒரு நாள்தான், அதற்குப் பிறகு பிரிட்ஜ்.

ஓவன் இல்லாதவர்கள் அடி கனமான பழைய பாத்திரத்துக்குள் ஒரு ஸ்டாண்டு போட்டு, மூடி, பத்து நிமிடம் காயவிட்டு, அதில் டின்னை வைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம் போல வேகவிடலாம். பிரஷர் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் காயவைக்காதீர்கள், குக்கர் வீணாகிவிடும்.

வங்கியில் பத்து பைசா வித்தியாசம் வந்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. இங்கே அப்படி இல்லை. பழம் கொஞ்சம் கூடலாம், பட்டை கொஞ்சம் குறையலாம். சோடாவில் மட்டும்தான் கண்டிப்பு. அது கூடினால் சோப்பு வாசனை அடிக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், பழுத்த பழமும் சர்க்கரைதான். கோதுமை மாவு போட்டதால் இது மருந்தாகிவிடாது. நானும் மாத்திரை போடுகிறவன். மெல்லிய துண்டு ஒன்று, அதுவும் எப்போதாவதுதான்.

படித்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. முட்டை இல்லாத கஸ்டர்டு பவுடரை அவர் 1837-ல் செய்தார். ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எழும்புவதற்காக 1843-ல் பேக்கிங் பவுடர் செய்தார். சோடாவையும் புளிப்பையும் ஒரே பொடியில் சேர்த்ததுதான் அது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் 36 வருடத்தில் ஒரு காபி போட்டதில்லை.

அந்த மூன்றாவது பிரெட்டை என் மனைவி வாக்கர் பிடித்து மேசைக்கு நடந்து வந்து சாப்பிட்டாள். "பட்டை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டாள். இப்போது அவள் தினமும் மொட்டை மாடியில் நடக்கிறாள். காலைக் காபி மட்டும் என் பொறுப்பிலேயே இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போல ஆஸ்பத்திரி பில் வந்த பிறகு சமையலறைக்குள் நுழையாதீர்கள். உங்கள் வீட்டு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று இன்று இரவே பார்த்து வையுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே ஹாலில் செய்து காட்டுகிறேன். ஓவனை நான் கொண்டு வருகிறேன், கருத்த பழங்களை நீங்கள் கொண்டு வாருங்கள்.