அரைப்படியில் நிற்கும் 'தொடரும்'

(கதை எழுதும் நண்பர்களிடையே பேசியது)

தோழர்களே, தொடர்கதைன்னாலே மூக்கைச் சுளிக்கிற வழக்கம் சிறுபத்திரிகைக்காரங்ககிட்ட உண்டு. எனக்கு அது கிடையாது. 1950இலிருந்து 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதினார். ஆபத்திலோ ரகசியத்திலோ அத்தியாயத்தை நிறுத்திவிட்டு, அடுத்த இதழுக்கு ஆளைக் காத்திருக்க வைத்தார். 1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சித்தி' அதையே ராத்திரி ராத்திரி செய்தது. இந்தத் தொழில் நமக்கும் வேணும். ஆனா 'தொடரும்' என்பதை எந்த இடத்தில் போடுறோம் என்பதில் சாதி இருக்கு.

வெண்மணியை எழுதணும்னு வச்சுக்குங்க. 1968 டிசம்பர் 25. ராமையாவின் குடிசை. 44 உயிர். தீயைக் கடைசிவரை ஒளித்து வைத்து, 'என்ன ஆகுமோ' என்று இழுத்தால் அது செத்தவங்களை வைத்து நடத்துற வியாபாரம். முடிவு வாசகனுக்குத் தெரியும். அப்போ பதைப்பு எதில் இருக்கணும்? கூலியில். நம்ம சனங்க அரைப்படி நெல் கூடுதலாக் கேட்டாங்க. மிராசுதாரர்கள் செங்கொடியை இறக்கச் சொன்னாங்க. இறக்குறதா, வேண்டாமா?

முதல் பகுதியைக் களத்துமேட்டில் வையுங்க. மரக்கால் அளக்குது. ஒருத்தி முந்தானையை விரிக்காமல் நிற்கிறாள். அங்கே நிறுத்துங்க. அடுத்த பகுதியில் அவள் நெல்லை வாங்கினாளா என்று சொல்ல வேண்டாம். அன்னிக்கு ராத்திரி அவள் வீட்டு அடுப்பு எரியுதா என்று காட்டுங்க, போதும். வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினாங்களே, அவங்களும் வயித்துக்கு வந்த கூலிக்காரங்கதான். அவங்கள்ல ஒருத்தன் கதை கூடவே ஓடட்டும். ரெண்டு கதையும் ஒரே வரப்பில் முட்டும்போது யார் பக்கம் நிற்கிறதுன்னு வாசகன் தடுமாறுவான்.

நம்ம பத்திரிகை காசு சேர்ந்தாத்தான் வரும். (வங்கியில் கணக்கு எழுதுறவன் சொல்றேன், நம்புங்க.) மூணு மாசம் கழித்துப் படிக்கிறவனுக்கு முன்கதைச் சுருக்கம் ஒட்டாது. அந்த மரக்கால் ஒவ்வொரு பகுதியிலும் எங்கேயாவது கிடக்கட்டும். பார்த்ததும் பழசெல்லாம் திரும்பிவரும். முந்தின இதழ் கிடைக்காதவனும் இருப்பான். அதனால ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சின்னக் கேள்விக்காவது விடை கிடைக்கணும், பெரிய கேள்வி திறந்தே கிடந்தாலும்.

கடைசிப் பகுதியைத் தீயோடு முடிச்சிடாதீங்க. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்புக்கு மறுநாள் காலையிலும் சேரி எழுந்து வேலைக்குப் போயாகணும். யார் வயலுக்கு? அதுக்கே ஒரு பகுதி முழுசா வேணும்.