மிளகாய் தின்னும் கோழி

முட்டையை உடைத்து ஊற்றும்போது கரு நல்ல ஆரஞ்சாக இருந்தால், "ஆகா, நாட்டு முட்டை!" என்கிறோம். அந்த நிறத்தைக் கோழி தானாக உண்டாக்குவதில்லை. எல்லாம் தின்ற தீனியில் இருந்து வருவது. முருங்கைக்கீரைத் தூள், காய்ந்த செண்டுமல்லி இதழ், மிளகாய் வற்றல் தூள் கலந்து போட்டால் பண்ணை முட்டைக்கும் நிறம் ஏறும்.

மிளகாயா, பாவம் என்று பதறாதீர்கள். காரம் நமக்குத்தான், பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை. கிளி மிளகாய்ப்பழம் கொத்துவதைப் பார்த்திருப்பீர்களே.

தீனியில் மூலிகை சேர்ப்பது நிறத்துக்கு மட்டுமல்ல. வளர்ச்சிக்காகத் தீனியில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் நிறுத்தியது. இந்தியாவும் 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதனால் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி மீது பண்ணைக்காரர்களின் பார்வை திரும்பியிருக்கிறது.

ஈரலுக்கு நல்லது என்று காமாலைக்கு நாம் அரைத்துக் குடிக்கிற அதே கீழாநெல்லிதான். ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழிக்கு, கருவுக்கான கொழுப்பெல்லாம் ஈரலில்தான் தயாராகிறது. எவ்வளவு வேலை பாருங்கள் அந்தச் சின்ன ஈரலுக்கு!

ஆனால் ஒன்று, வேப்பிலையை அள்ளிப் போட்டால் கசப்புக்குக் கோழி தீனியையே ஒதுக்கிவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கோ மூலிகையை நம்பி உட்கார முடியாது. தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.