பாகம் பிரிந்தாலும் கிணறு ஒன்றுதான்



பெரிய நாடு ஒன்றோடு இணைந்திருக்கும் சிறிய நாடு தனியே பிரிந்து போகலாமா, கூடாதா? இன்று நாம் சிந்திக்கப் போவது இந்தக் கேள்வியைத்தான். இது அரசியல் தலைவர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரம், பால் மரம் வெட்டுகிற நமக்கும் செம்பனைக் குலை அறுக்கிற நமக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஜொகூரில் வாழும் நமக்கு இது நம் வீட்டு வாசலில் நடந்த கதை. ஜொகூர் பாரு கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் தெரிகிறதே சிங்கப்பூர், அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நம்மோடு ஒரே நாடாக இருந்தது. அது சேர்ந்த கதையிலும் பிரிந்த கதையிலும் நாம் கற்க வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது.

முதலில் சேர்ந்த கதையைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், மலாயா, சிங்கப்பூர், போர்னியோப் பகுதிகள் ஆகியவற்றை இன்னும் நெருக்கமாக இணைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். சிங்கப்பூர்த் தலைவர்கள் அதை ஆவலோடு வரவேற்றார்கள். சின்னஞ்சிறு தீவு, குடிக்கும் தண்ணீருக்கே ஜொகூரை நம்பியிருக்கும் தீவு, தனியாக எப்படிப் பிழைக்கும்? தனி மரம் தோப்பாகுமா? அப்படித்தான் அன்று எண்ணினார்கள். 1962 செப்டம்பர் முதல் நாள் அங்கே மக்கள் வாக்களித்தார்கள். எந்த முறையில் சேரலாம் என்பதற்கு மூன்று வழிகள் வாக்குச் சீட்டில் இருந்தன. சேரவே வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. 1963 செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியா பிறந்தது.

கல்யாணம் முடிந்த சூட்டோடு சண்டையும் தொடங்கிவிட்டது. கல்வியையும் தொழிலாளர் விவகாரத்தையும் சிங்கப்பூர் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் 15 இடங்களே அதற்குக் கிடைத்தன. வரிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு. இரு பக்கமும் பொருள்கள் தடையின்றிப் போய்வரும் பொதுச் சந்தை வரும் என்றார்கள், வரவில்லை. எல்லா இனத்தவருக்கும் சம உரிமை என்று ஒரு தரப்பு முழங்க, மலாய்க்காரர்களின் சிறப்புரிமைக்கு ஆபத்து என்று மறுதரப்பு அஞ்சியது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் இனக் கலவரம் மூண்டு 36 பேர் மாண்டார்கள். இந்தோனேசியாவோ மலேசியாவையே ஏற்க மறுத்து மோதிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் படையினர் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். செப்டம்பரில் லாபிஸ் பக்கம் வான்குடையில் குதித்தார்கள். வெளியே பகைவன், வீட்டுக்குள்ளே பூசல்!

இந்த நிலையில் 1965 ஆகஸ்ட் 7-ஆம் நாள் பிரிவினை ஒப்பந்தம் இரகசியமாகக் கையெழுத்தானது. 9-ஆம் நாள் நாடாளுமன்றம் கூடி, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் 126 வாக்குகளால் அதை நிறைவேற்றியது. சிங்கப்பூரைத் துங்கு வெளியேற்றிவிட்டார் என்றுதான் நெடுங்காலம் பேசப்பட்டது. கோ கெங் சுவீயும் துன் அப்துல் ரசாக்கும் இரு தரப்பிலும் கலந்து பேசி முடித்த ஏற்பாடு அது என்பது பின்னாளில் வெளிவந்தது. எப்படியானாலும் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பொதுமக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைவர்களிலும் மனம் நொந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர் எஸ். ராஜரத்தினம். தாம் வளர்ந்த மண்ணையே அயல்நாடாக்கும் தாளில் கையெழுத்திட அவர் தயங்கினார். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவரும் அவரே. மலாக்காவில் பிறந்த தேவன் நாயர் 1964 தேர்தலில் பங்சார் தொகுதியில் வென்று மலேசிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். அவருடைய கட்சியின் தலைமை அயல்நாட்டில் இருக்க, தொகுதி இங்கே இருந்தது. 1969 வரை இங்கேயே தொண்டாற்றிய அவர், 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

நேயர்களே, பங்காளிகள் சொத்தைப் பாகம் பிரிக்கும்போது நிலத்துக்கு வரப்புப் போடுவார்கள். கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியுமா? யாருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை என்று பத்திரத்தில் எழுதிவைப்பார்கள். ஜொகூர்த் தண்ணீரும் அப்படித்தான். பிரிவுக்கு முன்பே 1961-லும் 1962-லும் தண்ணீர் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருந்தன. முதல் ஒப்பந்தம் 2011-இல் முடிந்துவிட்டது. இரண்டாவது 2061 வரை செல்லும். அதன்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை 1,000 கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை 1,000 கேலன் 50 காசுக்கு ஜொகூருக்குத் திருப்பி விற்கவேண்டும். இந்த விலை நியாயமா என்று இரு அரசுகளும் பலமுறை வாதாடியிருக்கின்றன. ஆயினும் குழாய் மூடப்படவில்லை. ஏன்? 1965 ஒப்பந்தத்திலேயே அதற்கு உத்தரவாதம் எழுதியிருந்தார்கள். எழுதிவைத்த தாள்தான் குழாயைக் காத்தது.

சரி, அந்தச் சிறிய தீவு எப்படிப் பிழைத்தது? வெறும் துணிச்சலால் அல்ல. கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் முன்பே இருந்தது. 1959 முதலே உள்நாட்டு ஆட்சி நடத்திய பழக்கம் இருந்தது. வீடமைப்பு வாரியமும் பொருளாதார வளர்ச்சிக் கழகமும் பிரிவுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தன. பிரிட்டிஷ் படைத்தளங்களும் 1971 வரை பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தன. பிரிந்த அன்று அதன் கை வெறுங்கையாக இல்லை.

இத்தனையும் நாடுகளின் கணக்கு. குடும்பங்களின் கணக்கு வேறு. 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தில் நம் மக்கள் பக்கத்துக் கம்பத்துக்குப் போவதுபோல் போய் வந்தார்கள். 1967-இல் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அதே ஆண்டு நாணயமும் இரண்டாயிற்று. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்றிருந்த வீடுகளில் ஒருவர் மற்றவருக்கு அயல்நாட்டார் ஆனார். கையில் பத்திரம் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். இல்லாதவர் இரண்டு கரைகளிலும் அலைந்தார்.

இந்தப் பத்திர விவகாரம் தோட்ட மக்களை எப்படி வாட்டும் என்பதற்கு இலங்கையே சாட்சி. அங்கே மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1976-இல் ராஜரத்தினம் பிறந்த அதே வட்டுக்கோட்டையில் தமிழர் தலைவர்கள் தனிநாட்டுத் தீர்மானம் செய்தார்கள். தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு அந்தக் கோரிக்கையில் சேராமல் ஒதுங்கி நின்றது. காரணம் எளிது. வடக்கிலும் கிழக்கிலும் எல்லைக் கோடு போட்டால், நடுமலையில் கொழுந்து பறிப்பவர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். பின்னர் 1983 முதல் 2009 வரை அந்நாட்டைப் போர் சிதைத்தது.

அப்படியானால் சிறியவர் எப்போதும் பெரியவருக்கு அடங்கியே கிடக்க வேண்டுமா? இல்லை. சேர்ந்திருந்தே உரிமை கேட்கும் வழியும் உண்டு. சபாவும் சரவாக்கும் 1963 ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் வாதாடின. 2021-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, மலேசியாவில் அவற்றின் தனி நிலை மீண்டும் எழுதப்பட்டது. 58 ஆண்டுகள் கழித்தும் அந்தத் தாள் பேசியது.

ஆகவே என் கருத்து இதுதான். பிரிந்து போகும் உரிமை சிறிய நாட்டுக்கும் உண்டு. ஆனால் சேர்ந்திருந்து நியாயம் பெற எல்லா வழியையும் பார்த்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும். மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். கோட்டுக்கு இரு புறமும் சிதறிக் கிடக்கிற ஏழைகளுக்குக் குடியுரிமையும் பிழைப்பும் என்னவாகும் என்பதை முதலில் எழுதிவிட்டு, கொடியைப் பிறகு ஏற்ற வேண்டும். பிரிந்தவர்கள் என்றென்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவும் முடியாது. 60 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், ஜொகூரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைக்க இதே இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்றும் நம் பிள்ளைகள் விடியுமுன்னே எழுந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிறார்கள்.

நாடுகள் சேரும், பிரியும். அவை நம் கையில் இல்லை. குழந்தை பிறந்தால் தாமதிக்காமல் பிறப்பைப் பதிவு செய்வது நம் கையில் இருக்கிறது. அடையாள அட்டையைக் காலத்தில் எடுப்பதும், வீட்டுப் பெரியவர்களில் எவருக்கேனும் இன்னும் சிவப்பு அட்டைதான் என்றால் குடியுரிமைக்கு மனுச் செய்ய உதவுவதும் நம் கையில்தான் இருக்கின்றன. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் அந்தத் தாள்கள், எந்தக் கோடு எங்கே விழுந்தாலும் நம் பிள்ளைகளைக் காக்கும்.