குடியுரிமைக் கேள்வியும் மோப்ப நாயும்



கவிதையும் நாவலும் பேசும் இந்தத் தமிழ்ச் சங்க மேடையில் நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டேன். மறுக்காமல் இடம் கொடுத்தார்கள். நாம் வரி கட்டுகிற, பிள்ளைகளை வளர்க்கிற மண்ணின் விவகாரம் இது. நம் மேடையில் நாம் பேசாவிட்டால் நமக்காக வேறு யாரும் பேச வரமாட்டார்கள்.

கோடை விடுமுறையில் சவுத் பாட்ரே தீவுக் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். போகும்போது யாரும் நிறுத்துவதில்லை. திரும்பும்போது 77ஆம் எண் நெடுஞ்சாலையில், சரீட்டா அருகே, வண்டி நின்றாக வேண்டும். பச்சைச் சீருடை அணிந்த பார்டர் பேட்ரோல் எனும் எல்லைக் காவல் அதிகாரி குனிந்து, "எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா?" என்று கேட்கிறார். இன்னொருவர் மோப்ப நாயைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார். நீங்கள் மெக்சிகோவுக்குப் போகவில்லை. எந்த எல்லையையும் கடக்கவில்லை. டெக்சஸின் ஓர் ஊரிலிருந்து டெக்சஸின் இன்னோர் ஊருக்குத்தான் வருகிறீர்கள். ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எந்தச் சட்டத்தின்படி? எல்லையிலிருந்து 'நியாயமான தூரத்துக்குள்' வாரண்ட் இல்லாமலேயே வண்டிகளை நிறுத்தி, அனுமதியின்றிக் குடியேறியவர்களைத் தேடலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1940களில் சட்டம் செய்தது. அந்தத் தூரம் எவ்வளவு என்று 1953இல் அதிகாரிகள் ஒரு விதியில் எழுதினார்கள்: 100 மைல். கடற்கரையும் எல்லைதான் என்பதால் முழு ஃபுளோரிடா மாநிலமும் அதற்குள் வந்துவிட்டது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஹூஸ்டனும் அதற்குள்தான். இந்த நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த 100 மைலுக்குள் வாழ்கிறார்கள்.

இதே சரீட்டா சாவடி உச்ச நீதிமன்றம் வரை போன சாவடி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1976இல் மார்ட்டினெஸ்-ஃபுவர்ட்டே வழக்கு. கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே சான் கிளெமெண்டேயில் இருக்கும் சாவடியையும் சரீட்டாவையும் சேர்த்து விசாரித்தார்கள். எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஒரு வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்கலாமா என்பதே வழக்கு. கேட்கலாம் என்று 7 நீதிபதிகள் சொன்னார்கள். கூடாது என்று 2 பேர் சொன்னார்கள். கேட்கலாம் என்றவர்களின் வாதம் என்ன? நிறுத்தம் குறுகியது, கேள்வி சிறியது, தனியே ஒதுக்கி விசாரித்தாலும் சராசரியாக 3 முதல் 5 நிமிடம்தான், வண்டியைச் சோதனை போடப்போவதில்லை, ஆகவே குடிமகனுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல்.

அதே தீர்ப்பில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. ஒருவர் பார்வைக்கு மெக்சிகோ வம்சாவளியினராகத் தெரிகிறார் என்பதையே பெரும்பாலும் காரணமாக வைத்து அவரைத் தனியே ஒதுக்கினாலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றது நீதிமன்றம். நீதிபதி பிரென்னன் எதிர்த்து எழுதினார். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டார். மெக்சிகோ வம்சாவளிக் குடிமக்களும் சட்டப்படி குடியேறியவர்களும் முகத்துக்காகவே அவமானப்படுவார்கள் என்று பிரென்னன் எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கை பலித்ததா? ராவுல் காஸ்ட்ரோ என்ற மனிதரைப் பாருங்கள். மெக்சிகோவில் பிறந்து, அரிசோனாவில் வளர்ந்து, நீதிபதியாகி, மூன்று நாடுகளில் அமெரிக்கத் தூதராக இருந்து, அரிசோனாவின் ஆளுநராகவும் ஆனவர். அந்த மாநிலத்துக்கு மெக்சிகோ வம்சாவளியிலிருந்து வந்த முதல் ஆளுநர். நீதிபதியாக இருந்த காலத்தில் ஒருநாள் சொந்த வீட்டு வாசலில் வேலைக்கான உடுப்போடு நின்றிருந்தார். வந்த எல்லைக் காவலர்கள், யாரிடம் கூலிக்கு இருக்கிறாய், காகிதம் எங்கே என்று கேட்டார்கள். 2012 ஜூனில் அவருக்கு 96 வயது. பிறந்தநாள் விருந்துக்காக அவரை டூசான் நகருக்குக் காரில் அழைத்துப் போனார்கள். 19ஆம் எண் நெடுஞ்சாலைச் சாவடியில் கதிர்வீச்சுக் கருவி சத்தமிட்டது. மருத்துவமனையில் இதயப் பரிசோதனை செய்ததில் உடம்பில் மிச்சமிருந்த கதிர்வீச்சு அது. உடனிருந்தவர் எடுத்துச் சொன்னார். ஆனாலும் அந்த முதியவரைக் காரிலிருந்து இறக்கி, அரிசோனா வெயிலில் காக்க வைத்தார்கள். ஒரு மாநிலத்தை ஆண்டவருக்கே அந்தக் கதி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நீதிமன்றம் அனுமதித்தது ஒரு கேள்வியை. அந்தக் கேள்வியின் பெயரால் இன்று நடப்பது போதைப்பொருள் சோதனை.

1998இல் இண்டியானாபொலிஸ் நகரக் காவல்துறை போதைப்பொருளைப் பிடிப்பதற்கென்றே சாலையில் சாவடிகள் போட்டது. 1,161 வண்டிகளை நிறுத்தினார்கள், நாயைச் சுற்றவிட்டார்கள், போதைப்பொருள் வழக்கில் மட்டும் 55 பேரைக் கைது செய்தார்கள். நல்ல வேட்டை என்றுதான் காவல்துறை நினைத்திருக்கும். 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், இது செல்லாது என்றது. சந்தேகமே இல்லாத மனிதரை நிறுத்திக் குற்றம் தேடுவதை அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் அனுமதிக்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக, போதைப்பொருளுக்காகச் சாவடி வைக்கக் கூடாது. குடியேற்றத்துக்காக வைக்கலாம். குடியேற்றச் சாவடியில் நாயை நிறுத்தினால்? அங்கேதான் ஓட்டை.

நாய் வெளியிலிருந்து மோப்பம் பிடிப்பதைத் தேடுதலாகவே கருத முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாய் குறிப்புக் காட்டிவிட்டால் அதுவே வண்டியைத் திறக்கப் போதுமான காரணமாகிவிடுகிறது. நீங்கள் குடியுரிமைக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உங்கள் டிக்கியைத் திறக்கும் உரிமை உருவாகிவிடுகிறது. நகரக் காவல்துறை முன்வாசல் வழியாகச் செய்ய முடியாததை எல்லைக் காவல் பின்வாசல் வழியாகச் செய்கிறது.

யார் பிடிபடுகிறார்கள்? நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கணக்கெடுத்திருக்கிறது. 2016 முதல் 2020 வரையான நிதியாண்டுகளில் இந்தச் சாவடிகளில் பல ஆயிரம் முறை போதைப்பொருள் பிடிபட்டது. அவற்றில் 91 விழுக்காட்டில் சம்பந்தப்பட்டவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே. அதே அமைப்பு 2017இல் கொடுத்த அறிக்கையில், சாவடிகளில் பிடிபட்டவற்றில் சுமார் 40 விழுக்காடு குடிமக்களிடமிருந்து எடுத்த ஓர் அவுன்ஸ் அல்லது அதற்கும் குறைவான கஞ்சா என்று இருக்கிறது. ஓர் அவுன்ஸ் என்றால் 28 கிராம். குடியேற்றத்தைச் சரிபார்க்கவென்று நிறுத்திய அதிகாரி குடிமகனின் சட்டைப்பையைத் தேடிக்கொண்டிருக்கிறார். மேற்கு டெக்சஸில் சியெரா பிளாங்கா சாவடி இருக்கிறது. பாடகர் வில்லி நெல்சன் 2010இல் அங்கே பிடிபட்டார். ராப் பாடகர் ஸ்னூப் டாக் 2012இல் பிடிபட்டார். பத்திரிகைகளுக்கு அது வேடிக்கைச் செய்தி. பணமும் வழக்கறிஞரும் இல்லாத ஒரு மாணவனுக்கு அதே வழக்கு வாழ்க்கையையே முடக்கும். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு நாடு கடத்தலில் போய் முடியலாம்.

எதிர்த்தரப்பு சொல்வதை மதிக்க வேண்டும், நான் மதிக்கிறேன். ஃபென்டனில் என்ற போதைப்பொருள் இந்த நாட்டில் ஆண்டுக்குப் பல்லாயிரம் உயிர்களைக் கொல்கிறது. சாவடிகளில் சில நாள் பெரிய சரக்கும் சிக்குகிறது. டிரெய்லர்களுக்குள் அடைபட்ட மனிதர்களை மீட்டதும் உண்டு. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, சாவடியை எடுக்காதீர்கள் என்று சொன்னால் அவளுக்கு எதிரே நின்று சட்டம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் எல்லையின் நுழைவாயிலிலேயே எந்தச் சந்தேகமும் இல்லாமல் எந்த வண்டியையும் முழுதாகச் சோதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அதை யாரும் எதிர்க்கவில்லை. ஆளையும் நாயையும் கருவியையும் அங்கே கூட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். சாவடி எல்லாவற்றையும் பிடித்துவிடுவதும் இல்லை. 2022 ஜூனில் சான் அன்டோனியோவில் ஒரு டிரெய்லருக்குள் வெந்து 53 பேர் இறந்தார்கள். அந்த லாரி வரும் வழியில் ஒரு குடியேற்றச் சாவடியைக் கடந்துதான் வந்தது.

சாவடியைச் சுற்றி நடந்து இறந்தவர்களையும் சொல்லாமல் விட முடியாது. மெக்அலனிலிருந்து வடக்கே வரும் 281ஆம் எண் சாலையில், எல்லையிலிருந்து சுமார் 70 மைல் உள்ளே, ஃபால்ஃபூரியாஸ் சாவடி இருக்கிறது. ஆள்கடத்துபவர்கள் சாவடிக்குத் தெற்கே மக்களை இறக்கிவிடுகிறார்கள்: மாட்டுப் பண்ணைகள் வழியாக நடங்கள், வடக்கே வேறு வண்டி நிற்கும். மணல் நிலம், முள் புதர், நிழல் கிடையாது. கையில் இருக்கும் தண்ணீர் ஒருநாள் வராது. கால் தளர்ந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்கள். 2012ஆம் ஆண்டில் மட்டும் அந்த புரூக்ஸ் கவுண்டியில் 129 உடல்களைக் கண்டெடுத்தார்கள். ஏழைக் கவுண்டி; பிரேதப் பரிசோதனைக்குக்கூடப் பணம் இல்லை. ஃபால்ஃபூரியாஸ் கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாமலே பலரைப் புதைத்தார்கள். 2013இலிருந்து பல்கலைக்கழக மானிடவியலாளர்கள் தோண்டியெடுத்து, டி.என்.ஏ. பார்த்து, குவாத்தமாலாவிலும் எல் சால்வடோரிலும் காத்திருக்கும் தாய்மார்களுக்கு உறவைத் தேடித் தருகிறார்கள். தன்னார்வலர்கள் பண்ணை ஓரங்களில் நீலப் பீப்பாய்களில் தண்ணீர் வைக்கிறார்கள். எல்லையைத் தாண்டிய பின்பும் ஒரு சாவடிக்காக இத்தனை பேர் சாகிறார்கள் என்றால் அந்தச் சாவடி அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

"நம்மிடம் பேப்பர் சரியாக இருக்கிறது, நமக்கென்ன?" என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேதனையாக இருக்கிறது. இந்த அவையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்றவர்கள் இருக்கிறீர்கள். பேப்பர் சரியாக இருந்தும் முகமும் மொழியும் குற்றமாகிப்போனது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போர்க்காலத்தை இந்த நாட்டோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் இங்கே என்ன நடந்தது? லாஸ் ஏஞ்சலஸில் ரோந்து வரும் குடியேற்ற அதிகாரிகள் இனத்தோற்றம், ஸ்பானிய மொழி அல்லது அந்நிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசுவது, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்துவிட்டது. அந்நிய உச்சரிப்போடு ஆங்கிலம்! இந்த மண்டபத்தில் அதிலிருந்து தப்பக்கூடியவர் எத்தனை பேர்?

எதுவும் மாறாது என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். நியூ ஹாம்ப்ஷயரில் உட்ஸ்டாக் என்ற சிற்றூர், கனடா எல்லையிலிருந்து சுமார் 90 மைல். 2017 ஆகஸ்டில் அங்கே எல்லைக் காவல் சாவடி போட்டது. நாய் பிடித்த சிறு பொட்டலங்களை உள்ளூர்க் காவல்துறையிடம் கொடுத்தது. 16 பேர் மேல் வழக்கு வந்தது. அவர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த மாநில அரசியல் சட்டப்படி நாயின் மோப்பமும் தேடுதல்தான். சாவடியின் உண்மையான நோக்கம் போதைப்பொருள் வேட்டையே, ஆகவே சாட்சியம் செல்லாது என்று 2018இல் நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் நடந்த வழக்கில் சமரசத்துக்கு வந்த எல்லைக் காவல், சில காலம் அங்கே சாவடி போடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டது.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 18 வயது நிறைந்த கிரீன் கார்டுக்காரர்களும் விசாவில் இருப்பவர்களும் ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், அது சட்டம். வீட்டில் விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகாதீர்கள். அதிகாரியிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள். டிக்கியைத் திறக்கட்டுமா என்று கேட்டால், "என் சம்மதம் இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சம்மதமோ தகுந்த காரணமோ இல்லாமல் சாவடியில் வண்டியைச் சோதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1975இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது கடிதம். எல்லைக்கு 70 மைல் உள்ளே இருக்கும் சாவடிகளை நுழைவாயில்களுக்கு நகர்த்த வேண்டும். அதுவரை மோப்ப நாயை முதல் வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். தனியே ஒதுக்கப்படும் ஒவ்வொருவரின் விவரத்தையும் காரணத்தையும் பதிந்து வெளியிட வேண்டும். இதைக் கேட்டு உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். வாக்குரிமை இல்லாதவர்களும் எழுதலாம். அந்தத் தொகுதியில் வாழ்ந்தால் போதும். கடிதத்தின் பிரதிகளை மண்டப வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.