தேர்வு முடிவும் திருவருளும்

(மாணவர் நலன் வேண்டித் திருக்கோயிலில் நடைபெற்ற கூட்டு வழிபாட்டின் நிறைவில் ஆற்றிய உரை)



கோடை வெயில் காயும் இந்நாள்களில் நம் திருக்கோயில்களில் ஒரு தனிக்கூட்டத்தைக் காணலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்வெழுதி முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் அது. பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் கலைமகள் திருமுன்பும், கடலூருக்கு அருகில் திருவகீந்திரபுரத்து மலைமேல் அயக்கிரீவர் திருமுன்பும், செங்கற்பட்டை அடுத்த செட்டிபுண்ணியத்திலும், தத்தம் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலும் அவர்கள் நிற்கின்றனர். தேர்வுக்கு முன் எழுதுகோலையும் நுழைவுச் சீட்டையும் திருவடியில் வைத்து வாங்கிச் சென்றவர்கள், தேர்வு முடிந்தபின் மீண்டும் வருகின்றனர். கையில் அர்ச்சனைத் தட்டு. வாயில் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும். நெஞ்சில் ஓர் எண். அந்த எண்ணை எதிர்நோக்கி நிற்பவர் இறைவனிடம் எதனைக் கேட்பது தகும் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

எழுதி முடிந்ததும் எழுதப்படாததும்

பிள்ளை தேர்வெழுதி வாரங்கள் பல கடந்துவிட்டன. திருத்தும் மையங்களில் ஆசிரியர்கள் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்துக் கணினியிலும் ஏற்றிவிட்டனர். முடிவு வெளியாகும் நாள் காலையில் நாம் தேங்காய் உடைக்கும் வேளையில் அந்த எண் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. இறைவனால் ஆகாதது ஒன்றுமில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அவன் பிள்ளையே. அப்பிள்ளையின் விடைத்தாளையும் அவனே காக்கின்றான். ஒரு கூட்டல் கணக்கை நமக்காக மாற்றித் தருமாறு அவனைக் கேட்பது பக்தியாகுமா?

அப்படியாயின் அன்று காலையில் வேண்டுவதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. அந்நாளில் இன்னும் எழுதப்படாதது ஒன்று இருக்கின்றது. முடிவைக் கேட்டதும் நம் வாயிலிருந்து பிள்ளையை நோக்கி வரப்போகும் முதற்சொல்லே அது. மதிப்பெண் பட்டியலைப் பிள்ளை சில ஆண்டுகளில் பெட்டிக்குள் வைத்துவிடுவான். அன்று தந்தை சொன்ன சொல்லை முதுமை வரையில் மறக்கமாட்டான். ஆகவே, “இறைவா, என் பிள்ளைக்கு இத்தனை மதிப்பெண் தா” என்பதை விட, “எந்த எண் வந்தாலும் என் பிள்ளையை அன்போடு ஏற்கும் நெஞ்சையும் நல்ல நாவையும் எனக்குத் தா” என்று வேண்டுவதே அன்றைய காலைக்கு உரிய வழிபாடாகும். இந்த வேண்டுதல் நிறைவேற எந்த விடைத்தாளையும் மாற்ற வேண்டியதில்லை.

தனியறையில் வரும் செய்தி

முன்னாளில் தேர்வு முடிவு செய்தித்தாளில் வந்தது. பதிவெண்கள் வரிசை வரிசையாக அச்சாகியிருக்கும். கடைத்தெருவில் ஒரு தாளைப் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பர். தந்தையின் விரல் எண்களின்மேல் மெல்ல ஊர்ந்து செல்லும். எண் இல்லையென்றால் தோளில் கை வைக்க அருகில் ஒருவர் இருந்தார். பின்னர்க் கணினி மையங்கள் வந்தன; அங்கும் நண்பர்கள் உடனிருந்தனர். இன்றோ முடிவு கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக வந்துவிடுகின்றது. பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்க, பூட்டிய அறையில் பிள்ளை தனியே அதனைப் படிக்க நேர்கின்றது. செய்தி விரைந்து வருகின்றது. துணைதான் உடன் வருவதில்லை.

எனவே அன்பர்களே, முடிவு வெளியாகும் நாளில் தந்தையோ தாயோ ஒருவரேனும் வீட்டில் இருங்கள். ஒரு நாள் கூலி போகலாம். ஒரு நாள் விடுப்பு கழியலாம். அதற்கு ஈடான நேர்த்திக்கடன் வேறில்லை.

மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு நிறுத்தியது. பிள்ளைகளிடையே வீண் போட்டியும் மனச்சுமையும் வேண்டா என்பதே அதன் நோக்கம். அரசு நிறுத்திய பட்டியலை நாமோ நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கின்றோம். பெரியப்பா மகள் எத்தனை, எதிர் வீட்டுப் பையன் எத்தனை என்று கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நம் பிள்ளையின் நெஞ்சில் ஊசியாய் இறங்குகின்றது.

வேண்டுதல் சுமையாகலாமா?

“நீ நானூற்றைம்பது மதிப்பெண் பெற்றால் பழனிக்குப் பாத யாத்திரை வருவதாக வேண்டியிருக்கிறேன்” என்று பிள்ளையின் காதுபடச் சொல்லும் தாய்மார்கள் உள்ளனர். அவர்கள் அன்பு பெரிது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை அதனை எவ்வாறு கேட்கின்றது? ‘மதிப்பெண் குறைந்தால் அம்மாவின் வேண்டுதலையும் நான் கெடுத்தவன் ஆவேன், முருகனுக்கும் ஆகாதவன் ஆவேன்’ என்று அது கலங்குகின்றது. அஞ்சியவர் ஓடிவந்து நிற்க வேண்டிய சந்நிதி, அப்பிள்ளைக்கு அஞ்சி ஒதுங்கும் இடமாகிவிடுகின்றது. ஆகையால் நேர்த்திக்கடனைச் சற்றே மாற்றிக்கொள்வோம். “எந்த முடிவு வந்தாலும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு உன் மலையேறி வருவேன்” என்று வேண்டிக்கொள்வோம். கந்தன் அதனை மறுக்கமாட்டான்.

காத்திருந்த பெற்றோர்

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயர் என்பவர் வாழ்ந்தார். அவர் மனைவியார் சிவகாமசுந்தரி அம்மையார். அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஐந்து வயது வரையில் ஒரு சொல்லும் பேசவில்லை. கவிராயர் வீட்டுப் பிள்ளை ஊமை என்றால் ஊரார் என்னவெல்லாம் பேசியிருப்பர்! பெற்றோர் அப்பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை, இகழவும் இல்லை. திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று செந்திலாண்டவன் சந்நிதியில் விரதமிருந்து காத்திருந்தனர். முருகன் அருளால் அக்குழந்தை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடிற்று என்பது வரலாறு. அவரே பின்னாளில் காசியில் திருமடம் நிறுவிய குமரகுருபர சுவாமிகள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய் திறக்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலம் பத்தாம் வகுப்பிலேயே வந்தாக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை.

திறந்திருந்த கதவு

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் சொல்வேன். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் கணிதமேதை இராமானுசன். அவர் இல்லத்தார் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கணக்கில் தன்னிகரற்று விளங்கிய அவர், 1904ஆம் ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். 1905ஆம் ஆண்டு எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி காணவில்லை.

பெற்றோர் எத்துணை துயருற்றிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் அவர் திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. வருவாய் ஏதுமின்றி அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கணக்கு எழுதிய ஆண்டுகளில் அவருக்குச் சோறும் நிழலும் கிடைத்தன. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணி. 1914இல் கேம்பிரிட்ஜ் பயணம். 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் என்னும் பெரும்பேறு. தேர்வில் தவறிய பிள்ளையெல்லாம் இராமானுசன் ஆவான் என்று நான் சொல்ல வரவில்லை. இராமானுசன் ஆகாத பிள்ளைக்கும் அந்தத் திண்ணை வேண்டும் என்பதே நான் சொல்வது.

தாங்கும் கைகள்

இனி, சொல்ல நா கூசினும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் சில வீடுகளில் அழுகுரல் கேட்கின்றது. மதிப்பெண் குறைந்தது என்பதற்காக உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தி வருகின்றது. திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் வாழ்வை வெறுத்து உயிர்விடத் துணிந்தபோது முருகப்பெருமான் தன் கைகளில் தாங்கி அவரைத் தடுத்தாட்கொண்டான் என்று பெரியோர் கூறுவர். இனி வாழ்வே இல்லை என்று அவர் எண்ணிய அந்த நாளுக்குப் பிறகுதான் திருப்புகழ் பிறந்தது. இறைவன் தந்த உயிர் இது. அதற்கு விலை குறிக்க எந்த மதிப்பெண்ணுக்கும் உரிமை இல்லை.

அன்று தாங்கிய கைகள் இன்று நம்முடைய கைகளாக வேண்டும். பிள்ளை உண்ணாமல் ஒதுங்கினாலும், பேச்சற்று அறைக்குள் அடைந்தாலும், ‘நான் இருந்து என்ன பயன்’ என்று சொன்னாலும் அதனை நடிப்பென்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் அருகில் அமருங்கள். அறிவுரை கூறாமல் அவன் சொல்வதைக் கேளுங்கள். 104 என்னும் எண்ணிலும், 14416 என்னும் எண்ணிலும் மனநல ஆலோசகர்கள் கட்டணமின்றிப் பேசுகின்றனர். பெற்றோரும் பேசலாம், பிள்ளையும் பேசலாம். மருந்து உண்பதும் மருத்துவரை நாடுவதும் எவ்வாறு பக்திக்குக் குறைவில்லையோ, அவ்வாறே இதுவும் குறைவன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு

முடிவு வெளியாகும் நாளில் பெற்றோரைப் போலவே ஆசிரியரும் உறங்காதிருக்கின்றனர். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு என்ன, எந்தப் பாடத்தில் குறைந்தது என்று அவரும் விடை சொல்ல வேண்டியவர். அவர் கவலையை நாம் அறிவோம். ஆயினும் ஒரு விண்ணப்பம். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் தேறினர் என்று பள்ளி வாயிலில் பதாகை கட்டும் வேளையில், அந்த ஒரு பிள்ளை எங்கே நிற்கின்றது என்று தேடுங்கள். ஆசிரியர் ஒருவர் அன்று மாலையே அப்பிள்ளையின் வீட்டு வாயிலில் போய் நின்று, “வா, துணைத் தேர்வுக்கு நாளையே விண்ணப்பம் எழுதுவோம்” என்று சொல்வாராயின், அவர் செய்தது ஆயிரம் விளக்கேற்றிய புண்ணியமாகும். விழுக்காட்டில் ஒன்று என்பது பள்ளிக்கு ஓர் எண். ஒரு தாய்க்கு அது முழுப் பிள்ளை.

அடுத்த படி

தவறிய பாடத்தை எழுதச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகின்றது. அதில் தேறி அவ்வாண்டே மேற்படிப்பில் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மதிப்பெண்ணில் ஐயமிருப்பின் விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். அதற்கான நாள்கள் குறைவு. அழுது கொண்டிருக்கும் வீட்டில் அந்நாள்கள் வீணே கழிந்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை முடித்துப் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. பழனித் திருக்கோயில் கலைக் கல்லூரியும் பலதொழில்நுட்பக் கல்லூரியும் நடத்துகின்றது. ஓதுவார், நாதசுரம், தவில் பயிற்சிப் பள்ளிகளும் நம் திருக்கோயில்கள் சிலவற்றில் இயங்குகின்றன. இறைவன் எல்லாக் கோயில்களையும் ஒரே வாயிலோடு அமைத்துக்கொள்ளவில்லை. நான்கு திசையிலும் கோபுர வாயில் கொண்ட தலங்கள் எத்தனை!

மாணவச் செல்வங்களே, மிகுந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஆண்டவனுக்கும் ஆசிரியருக்கும் நன்றி சொல்லிவிட்டு, குறைந்த மதிப்பெண் பெற்ற தோழனின் வீட்டிற்கு முதலில் செல்லுங்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டா. நெற்றியில் திருநீறோ திருமண்ணோ குங்குமமோ இட்டுக்கொண்டு நிமிர்ந்து இக்கோயிலுக்கு வாருங்கள். அர்ச்சகர் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார்; மதிப்பெண்ணைக் கேட்கமாட்டார்.

பிள்ளைகள் அனைவரும் நல்லறிவும் நீள் ஆயுளும் மனத்திடமும் பெற்று வாழவும், அவர்களைத் தாங்கும் பொறுமை நமக்கு வாய்க்கவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.