குருமானில் ஒரு குடும்பம்



இறைப்பணிக்கெனக் கடல் கடந்தோரின் பிரசங்கங்களைப் பலர் பேசிவிட்டனர். நாம் அவர்தம் வீட்டுத் தரையிலிருந்து தொடங்குகிறோம்.

தென்னாப்பிரிக்காவின் குருமானில் வாழ்ந்தோர் இராபர்ட் மாஃபட், மேரி இணையர். ஸ்காட்லாந்தினரான இராபர்ட், இங்கிலாந்தில் மேரியின் தந்தையாருடைய நாற்றுத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். பெற்றோர் முதலில் மறுத்துப் பின்னரே இசைந்தனர். 1819-இல் மேரி கேப்டவுனுக்குக் கப்பலேறி வந்து அவரை மணந்தார்.

அறைகளின் தரையை வாரந்தோறும் சாணத்தால் மெழுகுவதாக மேரி ஊருக்குக் கடிதம் எழுதினார். புழுதி அடங்குவதையும் தெள்ளுப்பூச்சி சாவதையும் கண்டபின் சனிக்கிழமை எப்போது வருமென்று காத்திருக்கலானாராம். நம் அன்னையர் இதைக் கேட்டால் நகைப்பர். அவர்கட்கு இது புதுமையன்று!

கணவரோ கொல்லுவேலையும் தச்சுவேலையும் செய்தார், வாய்க்கால் வெட்டினார். 1830-இல் கேப்டவுன் சென்று அச்சுத்தொழில் கற்று, அச்சுப்பொறியையும் கொணர்ந்தார். சுவானா மொழியில் விவிலியம் முழுவதும் 1857-இல் அச்சேறி முடிந்தது. அம்மக்களின் வழக்கங்களை அவர் தாழ்வாகவே எழுதினார். அதில் நாம் உடன்படோம். ஆயினும் அவர்தம் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்றார்.

பெற்ற குழந்தைகள் அனைவரும் பிழைத்திலர். மூத்த மகள் மேரி அங்கே சிறுவர்க்குப் பாடம் சொன்னார். 1845-இல் லிவிங்ஸ்டனை மணந்தார். 1862-இல் சாம்பசி ஆற்றங்கரையில் காய்ச்சலால் மாண்டார். அன்னை அப்போதும் குருமானில்தான் இருந்தார். 1870-இல்தான் இங்கிலாந்து திரும்பினார்; அடுத்த சனவரியில் மறைந்தார். 1838-இல் திறந்த அவர்களது கற்கோயில் இன்றும் குருமானில் நிற்கிறது.