ரத்தம் கெட்டியானா என்ன ஆகும்?

போன எபிசோட்ல கோமதி மாரிமுத்து பத்திப் பேசினோம். 2019 தோஹா ஆசிய தடகளத்துல 800 மீட்டர் தங்கம். அப்புறம் சோதனையில நாண்ட்ரோலோன் ஸ்டீராய்டு. தடை மருந்து எடுத்ததே இல்லன்னு அவங்க சொன்னாங்க. ஆனாலும் பதக்கம் போச்சு, 4 வருஷம் தடை.

அதைக் கேட்டுட்டு, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுற மதுரைத் தம்பி ஒருத்தர் கேட்டாப்ல: "அண்ணே, ஸ்டீராய்டு வேணாம். இபிஓ ஊசி ஓகேயா?"

ஓகே இல்ல தம்பி. இபிஓ நம்ம கிட்னியே சுரக்கிற ஹார்மோன். கிட்னி பழுதாகி ரத்தசோகை வந்தவங்களுக்கு, ரத்தத்தை அடிக்கடி டெஸ்ட் பண்ணி, டாக்டர் அளவு பார்த்துப் போடுற ஊசி. நல்லா இருக்கிறவர் போட்டா சிவப்பணு கூடும்; ஆக்சிஜனும் கூடும், வேகமும் கூடும். கூடவே ரத்தம் கெட்டியாகும். சித்திரை வெயில்ல ஓடி வியர்த்தா, உடம்புல தண்ணி குறைஞ்சு இன்னும் கெட்டியாகும். அது உறைஞ்சு மூளையில அடைச்சா பக்கவாதம், இதயத்துல அடைச்சா மாரடைப்பு.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் இபிஓ போட்டு ஜெயிச்சார். 2012ல 7 டூர் டி பிரான்ஸ் பட்டமும் பறிபோச்சு. அவருக்குப் பின்னாடி டாக்டர்களே இருந்தாங்க. உங்களுக்கு ஊசி போடச் சொன்னது யாரு தம்பி?

செலக்‌ஷன் மறுபடியும் வரும். பத்திரமா ஓடுங்க.